கீழ்க்கடையில் சொன்ன சொல்

லெட்சுமணனுக்கு யாருடைய முகத்துக்கு நேரேயும் முடியாது என்று சொல்ல வராது. அது பிறவிக் குணம் என்பாள் அவர் மனைவி ஜெயராணி. கோழைத்தனம் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் இடம் இல்லை என்று தெரிந்தே, புதிதாகக் கேட்டு வரும் அம்மாவிடம், "அதுக்கென்ன மிஸ், ஏத்திக்குவோம்" என்று சொல்லிவிடுவார். ஒரு மாதம் கழித்து, வேன் கராஜில் கிடக்கிறது, பிரேக் சரியில்லை என்று ஏதாவது கதை விட்டு அந்தப் பிள்ளையை மெல்லக் கழற்றிவிடுவார். முன்னால் ஆமாம், பின்னால் இல்லை. இப்படியே ஒருவர் கண்டி டவுனில் நல்ல மனுசன் என்ற பேரோடு ஐம்பது வயது வரை ஓட்டிவிடலாம். அவரும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார், மகள் அந்தத் தாளை நீட்டும் வரைக்கும்.

மகள் தர்ஷிகா. ஒரே பிள்ளை, இருபது வயது. ஏ.எல். பரீட்சை முடித்தவள். பள்ளிக்கூடத்தில் கெடெற் குழுவுக்குச் சார்ஜன்டாக இருந்தாள். இராணுவத்தில் பெண் அதிகாரிகளைச் சேர்க்க விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். தியத்தலாவையில் பயிற்சி, முடித்து வந்தால் தோளில் நட்சத்திரம். அவள் எல்லாவற்றையும் தானே நிரப்பி, பெற்றோர் சம்மதம் என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வரும் வரை காத்திருந்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு விருப்பம் இல்லன்னா இப்பயே சொல்லிருங்க. நான் கோவிக்க மாட்டேன்," என்றாள்.

விருப்பம் இல்லை. அடிவயிற்றிலிருந்தே இல்லை. ஆனால் பிள்ளை பேனா மூடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே. "விருப்பம் இல்லாம என்னா பிள்ள? நம்ம ஆளுகள்ல யாரு இந்த மாதிரிப் போயிருக்கா?" என்று சொல்லி, தாளை வாசித்துக்கூடப் பார்க்காமல், கீழே இரண்டு கோடு இழுத்துப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். ஜெயராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வேனை எடுத்தவர், முதல் பிள்ளையின் வீட்டைத் தாண்டி ஓட்டிப் போய், திரும்பி வந்து ஏற்றினார்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதை அவர் வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை. தர்ஷிகாவுக்கு மூன்று வயது, சண்டை உச்சத்தில் இருந்த காலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்க டவுனுக்குப் போனவரை, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்த இன்னும் முப்பது பேரோடு சேர்த்து, இராணுவத்தினர் ரோட்டோரம் முழங்காலில் இருத்தி வைத்தார்கள். நான்கு மணி நேரம். கையில் பாணி மருந்துப் போத்தல். மூன்றாவது மணி நேரத்தில் அடக்க முடியாமல் காற்சட்டையிலேயே போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்த்தது. கடைசியில், அவர் வேனில் போகும் சிங்களப் பிள்ளை ஒன்றின் தகப்பன் அந்த வழியாக வந்து, "இது நம்ம லக்ஷ்மன். எனக்குத் தெரிந்த ஆள். நல்ல மனுசன்," என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து லெட்சுமணன் தன் சிங்களத்தைத் தீட்டித் தீட்டிக் கூராக்கிக்கொண்டார். வேனின் பின்கண்ணாடியில் லக்ஷ்மன் ஸ்கூல் சேர்விஸ் என்று சிங்களத்தில் எழுதினார். இப்போது அவர் வாய் திறந்தால் தமிழர் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு அவரை முழங்காலில் இருத்தியவர்களின் சீருடையைத்தான் மகள் போடப் போகிறேன் என்கிறாள். அங்கே போனாலும் அவளைத் தங்கள் ஆளென்று அவர்கள் எண்ணப் போவதில்லை. போன பிறகு இங்கே நம்மவர்களும் எண்ணப் போவதில்லை. வடக்கே எங்காவது ஒரு காவலரணில் நின்றுகொண்டு, எவனோ ஒரு தமிழனின் அடையாள அட்டையை இவள் வாங்கிப் பார்ப்பாள். அவன் இவளை எந்தக் கண்ணால் பார்ப்பான்? இதையெல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் காற்சட்டை நனைந்த கதையும் கூடவே வெளியே வரும். ஆகவே சொல்லவில்லை. நேர்முகத் தேர்வில் எப்படியும் கழித்துவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஹந்தானை வீதியில் ஏற்றம் தொடங்கும் வளைவில் ஃபாஸிலின் கடை இருக்கிறது. மடவளையிலிருந்து தினமும் விடியற்காலை மோட்டார்சைக்கிளில் வந்து திறப்பார். மேலே ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனத்துக்கும் கீழ்க்கடை என்றால் அதுதான். பாண் ரொட்டி, பருப்பு, பிளேன்டீ, போனுக்கு ரீலோட் எல்லாம் அங்கேதான். ஃபாஸில் லெட்சுமணனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வீதியில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகளை இறக்கி, வேனைச் சேர்விசுக்கு விட்டுவிட்டு வந்த லெட்சுமணன் பாண் வாங்கக் கடைக்குள் ஏறினார். உள்ளே ஒருவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சாதாரண அரைக்கைச் சட்டைதான். ஆனால் சப்பாத்து அப்படி மினுங்கியது. ஆள் யாரென்று சப்பாத்தே சொல்லிவிட்டது.

"மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று ஆமிக்கு விண்ணப்பித்திருக்கிறது. அந்த வீட்டு ஆட்கள் எப்படி?" என்று அவர் சிங்களத்தில் ஃபாஸிலிடம் கேட்டார். அது அவர்கள் வழக்கம். வீட்டுக்குப் போகாமல் முதலில் அக்கம்பக்கத்துக் கடையில் விசாரிப்பார்கள். வீட்டில் எல்லாரும் நல்லதையே சொல்லுவார்கள், கடையில்தான் உண்மை கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஃபாஸில் சிரித்தபடி லெட்சுமணனைப் பார்த்தார். தகப்பனே வந்து நிற்கிறார், அவரே சொல்லட்டும் என்ற சிரிப்பு. அது என் வீடுதான் சேர் என்று லெட்சுமணன் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"அந்த வீடா? எனக்குத் தெரியும்," என்றார், துளி பிசகாத சிங்களத்தில்.

வந்தவர் கதிரையோடு அவர் பக்கம் திரும்பினார்.

"ஆட்கள் மோசமில்லை. ஆனால் வடக்கிலிருந்து அடிக்கடி யாராவது வந்து தங்குவார்கள். யார் எவரென்று நமக்குத் தெரியாது," என்றார் லெட்சுமணன்.

வந்து தங்குவது ஜெயராணியின் பெரியப்பா மகள். கலவரக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடி வவுனியாவில் குடியேறிய குடும்பம். கண்ணுக்கு மருந்து எடுக்க வருஷத்தில் ஒரு தடவை கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, போகும்போது தர்ஷிகாவுக்கு முறுக்கு வைத்துவிட்டுப் போகிற பாவம் அவள்.

"பிள்ளை எப்படி?"

இந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். லெட்சுமணன் 'ச்சு' என்று நாக்கைக் கொட்டினார். தலையை ஒரு பக்கமாக ஆட்டினார். "பொம்பிளைப் பிள்ளை விஷயம். நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்," என்றார்.

அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்று இந்த வீதியில் எல்லாருக்கும் தெரியும். வந்தவர் ஒரு சின்னக் கொப்பியில் நாலு வரி எழுதிக்கொண்டார். பெயர் கேட்கவில்லை. எழுந்து லெட்சுமணனின் தோளில் தட்டி, "ஸ்துதி, மஹத்தயா," என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஃபாஸில் பாண் சுற்றிக்கொண்டிருந்த தாளை அப்படியே விட்டுவிட்டார்.

"லெட்சுமணன், அது ஒங்கட மகள்," என்றார்.

"தெரியும் நானா."

"எனக்கும் ஒரு மகள் ஈக்கி," என்றார் ஃபாஸில். லெட்சுமணன் பாணை எடுக்காமலே ஏற்றத்தில் நடந்தார்.

அடுத்த மூன்று வாரமும் அவர் கீழ்க்கடைக்குள் ஏறவில்லை. தர்ஷிகாவோ ஒவ்வொரு நாளும் விடிந்ததும் எழும்பி ஏற்றத்தில் ஓடினாள். ஓட்டத் தேர்வுக்கு நேரம் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று, தன் போனை அப்பா கையில் கொடுத்து மேல் வளைவில் அவரை நிறுத்திவிடுவாள். பனிக்குள்ளிருந்து அவள் ஓடி வருவது முதலில் சத்தமாகக் கேட்கும், பிறகு ஆள் தெரியும். "எத்தன அப்பா?" என்று மூச்சு வாங்கக் கேட்பாள். "பத்து செக்கன் குறஞ்சிருக்கு பிள்ள," என்பார். அவள் சிரிப்பாள். அவர் கைதட்டுவார். தட்டுகிற கையைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருக்கும்.

மே மாதம் நேர்முகத்துக்குப் போய் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஓட்டமெல்லாம் நல்லாத்தான் செஞ்சேன். பிறகு உள்ள கூப்பிட்டு, வடக்குலருந்து ஒங்க வீட்டுக்கு யாரு யாரு வர்றாங்கன்னு கேட்டாங்க." சப்பாத்து நாடாவை இழுத்து அவிழ்த்தாள். "என்னோட நடத்தையப் பத்தியும் அக்கம்பக்கத்துல நல்லவிதமாச் சொல்லலியாம். வெளிய வந்தப்ப ஒரு மேடம் பாவம் பாத்துச் சொன்னாங்க, வீட்டுக்குக் கீழ உள்ள கடையிலதான் விசாரிச்சிருக்காங்கன்னு."

ஜெயராணி அடுப்பை அணைத்தாள். "ஃபாஸில் நானாவா?"

லெட்சுமணன் பார்த்தார். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மனைவிக்கு மூச்சு ஏறி இறங்குகிறது. இப்போது சொன்னால் இரண்டு பேரும் அவரைப் பார்ப்பார்கள். "யாரோ என்னமோ சொல்லியிருப்பாங்க. விடு," என்றார்.

ஜெயராணி விடுகிற ஆளா? செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். லெட்சுமணன் பின்னால் ஓடினார். கடையில் லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள்.

"நானா, அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு ஒங்க கடைப் பக்கம் ஒரு ஆளும் எட்டிப் பாக்காத நேரம், நாங்க மட்டுந்தான் இறங்கி வந்து பாண் வாங்குனோம். அதுக்கா இந்தப் பலன்? எம் புள்ளைக்கு நடத்தை சரியில்லன்னு சொல்ல ஒங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு? ஒங்க மக அம்னாவப் பத்தி நாங்க யாராவது ஒரு வார்த்த சொல்லிருக்கோமா?"

ஃபாஸிலின் முகம் கறுத்துப்போயிற்று. அவர் ஜெயராணியைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்ற லெட்சுமணனைப் பார்த்தார். இவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தது போல, விடாமல் பார்த்தார். லெட்சுமணன் தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டும் செல்லல்ல தங்கச்சி," என்றார் ஃபாஸில்.

"அப்ப யாரு சொன்னது? ஒங்க கடையிலதானே சொல்லிருக்கு?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் கதை லயம் முழுக்கப் பரவியது. கூட ரெண்டு சேர்த்துத்தான் பரவும், அது நம்ம சனத்தின் கெட்டித்தனம். இந்த முஸ்லிம் ஆட்களை நம்பக்கூடாது என்று முன்பு மற்றவர்கள் சொன்னபோது முகம் சுளித்தவர்களே இப்போது அதே வார்த்தையைச் சொன்னார்கள். சனம் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக நடந்து ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடையில் பாண் வாங்கியது. ஃபாஸில் சாயங்காலம் விற்காத பாணையெல்லாம் சாக்கில் கட்டி மோட்டார்சைக்கிளில் வைத்துக்கொண்டு போவதை, லெட்சுமணன் வேனில் வரும்போது பார்த்தார். ஹோர்ன் அடித்து வணக்கம் சொல்லும் பழக்கம் இருந்தது. அடிக்கக் கை வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவர் உள்ளே போனார்.

"நானா, நீங்க ஏன் சொல்லல்ல?"

ஃபாஸில் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே பேசினார். "நான் செல்லினா ஒங்கட ஊட்டுல என்ன நடக்கும்? அது தகப்பனுக்கும் மகளுக்கும் உள்ள விசயம். செல்ல வேண்டியது நீங்க. ஒங்களுக்காக நான் பொய் செல்லவும் மாட்டன், ஒங்களக் காட்டிக் குடுக்கவும் மாட்டன். ஆனா ஒண்டு, இனி இப்பிடி வர வேணாம். நாலு பேர் நிக்கக்குள்ள வாங்க, இல்லாட்டி வராதீங்க. ஆளில்லாத நேரம் பாத்து நீங்க வாற எனக்கு வெக்கமா ஈக்கி."

லெட்சுமணன் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. அவமானம் காதுவரை சுட்டது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் அவர் எதையும் சொல்லவில்லை. மனிதன் வெட்கப்பட்டுக்கொண்டே எத்தனை நாள் வேண்டுமானாலும் சும்மா இருக்கலாம் என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

தர்ஷிகா சும்மா இருக்கவில்லை. மறுபடி விசாரிக்கும்படி கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். ஜூன் மாதம் பதில் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே விசாரணை அதிகாரி வீட்டுக்கே வருவார், தாய் தகப்பன் இருவரும் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"ஃபாஸில் நானாவையும் கூப்பிடுவோம். ஆபீசர் முகத்தப் பாத்து அவரு சொல்லட்டும், யாரு சொன்னதுன்னு," என்றாள் ஜெயராணி.

அதே அதிகாரி. வாசலில் ஏறினதும் அடையாளம் கண்டுவிடுவார். லெட்சுமணன் எழுந்து போய்க் கலண்டரைப் பார்த்தார். "சனிக்கிழமையா? நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் ஓட்டம் வந்திருக்கே," என்றார்.

"ரெண்டு பேரும் இருக்கணும்னு போட்டிருக்கு அப்பா," என்றாள் தர்ஷிகா.

"சரி பிள்ள, கேன்சல் பண்ணிர்றேன்."

கேன்சல் பண்ணவில்லை. பண்ணுவதற்கு ஹயர் இருந்தால்தானே? சனிக்கிழமை காலையில் வேனை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவது, ஒன்பதரைக்கு ரோட்டிலிருந்து போன் பண்ணி பிரேக் போய்விட்டது என்று சொல்லுவது. இதுதான் திட்டம். பிரேக் என்ற அந்தப் பழைய கதையை மாற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவரின் கையில், தர்ஷிகா வழக்கம்போலத் தன் போனைக் கொடுத்தாள். "இன்னைக்கு ஒரே ஒரு ரவுண்டு அப்பா. ஓடினாத்தான் பதட்டம் போகும்." அவர் வேனை ஓட்டிப் போய் மேல் வளைவில் நிறுத்தினார். இது முடிந்ததும் அப்படியே போய்விடலாம். பனி தேயிலைக்கு மேல் படிந்து கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டது. அவள் வந்து நின்று, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நேரம் எத்தனை என்று கேட்கவில்லை.

"அப்பா, நான் நேத்து ஃபாஸில் அங்கிள்ட்ட போனேன். கூப்பிட்டேன். 'வாறன் மகள், ஆனா நான் செல்லல்ல'ன்னு சொன்னாரு. எனக்கு என்னமோ அவரு பொய் சொல்ற மாதிரித் தெரியல. அம்மா கேக்க மாட்டேங்குறாங்க. இன்னைக்கு எல்லாருக்கும் முன்னால அவர அம்மா கிழிச்சிருவாங்க. அவருக்கு அது தெரியும், தெரிஞ்சுந்தான் வர்றேன்னாரு."

லெட்சுமணன் வேன் கதவில் கையை வைத்தார். ஏறினால் போதும். சாவி கையில் இருக்கிறது.

"நான்தான் பிள்ள," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"கடையில சொன்னது நான்தான். அந்த ஆளு வந்தப்ப நான் அங்கதான் நின்னேன். என்னைய அவருக்குத் தெரியாது. சிங்கள ஆளுன்னு நெனச்சிட்டாரு. நானும் வேற வீட்டு ஆள் மாதிரிப் பேசிட்டேன்."

பிறகு அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. வவுனியாப் பெரியம்மாவைச் சொன்னது, ஃபாஸில் பார்த்தது, ரோட்டோரம் முழங்காலில் இருந்தது, மருந்துப் போத்தல், காற்சட்டை நனைந்தது, யாரோ ஒரு ஆள் நல்ல மனுசன் என்று சொன்னதால் தப்பி வந்தது, எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது.

"என்னையப் பத்தி என்னா சொன்னீங்க?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணும் சொல்லல." அது உண்மைதான், அதனாலேயே கேவலமாக இருந்தது. "நாக்கக் கொட்டினேன். தலைய ஆட்டினேன். பொம்பளப் புள்ள விஷயம், நான் எதுக்கு வாயத் திறக்கணும்னேன்."

அவள் நிமிர்ந்து ஒரு அடி பின்வாங்கினாள். நேர்முக அறையில் அவளை மேலும் கீழும் பார்த்தவர்களை அவள் நினைத்திருக்க வேண்டும்.

"அந்த முழங்கால் கதைய நீங்க எங்கிட்ட சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் அப்பா. போயிருப்பேனா மாட்டேனான்னு தெரியாது. ஆனா கேட்டிருப்பேன். நான் பேனாவத் திறந்து வச்சிக்கிட்டுக் கேட்டேனே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் திரும்பி இறக்கத்தில் ஓடத் தொடங்கியிருந்தாள். வீட்டைத் தாண்டி, நேரே கீழ்க்கடைக்குத்தான் ஓடினாள். அவர் கையில் இருந்த போனில் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, வேனை வீட்டுக்குத் திருப்பினார்.

பத்து மணிக்கு அந்தச் சப்பாத்துக்காரர் வந்தார். முன்னறையில் ஃபாஸில் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். ஜெயராணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது அவள் நல்ல கோப்பையை எடுத்து முதல் தேத்தண்ணியை ஃபாஸிலுக்குக் கொடுத்ததிலேயே தெரிந்தது. புருஷன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதிகாரி லெட்சுமணனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நீங்கள் அன்றைக்குக் கடையில்..."

"நான்தான் தகப்பன் சேர்," என்றார் லெட்சுமணன். இத்தனை வருஷமாகத் தீட்டிய சிங்களம் அன்றைக்குத் திக்கியது, முறிந்தது. "அன்றைக்குச் சொன்னது பொய். வருவது என் மனைவியின் சொந்தக்காரி, கண் வருத்தத்துக்கு மருந்து எடுக்க வருகிறவள். என் பிள்ளையில் ஒரு குறையும் இல்லை."

அதிகாரி கொப்பியைத் திறந்து பழைய பக்கத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் லெட்சுமணனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சொந்தப் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொன்ன ஒருவர், இன்றைக்குச் சொல்வதை மட்டும் நான் எப்படி நம்புவது?" என்று கேட்டார். அதிகாரி ஃபாஸிலின் பக்கம் திரும்பினார். "இந்த மனிதரை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்? எப்படிப்பட்ட ஆள்?"

ஜெயராணி தலை நிமிர்ந்தாள். ஃபாஸில் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அவருக்கு இப்போது எதைச் சொல்லவும் உரிமை இருந்தது.

"பதினொரு வருஷமாகத் தெரியும் சேர். பயந்த ஆள்," என்றார் சிங்களத்தில். கொஞ்சம் யோசித்தார். "நல்ல மனுசன்."

வேறு யாரோ எப்போதோ சொல்லி அவரைத் தெருவிலிருந்து எழுப்பிவிட்ட அதே வார்த்தை. இந்தத் தடவை அது அவரை எழுப்பவில்லை. காலுக்குக் கீழே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதிகாரி பிள்ளையைப் பற்றி ஃபாஸிலிடம் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினார். முடிவெடுப்பது தானில்லை, பார்த்ததையும் கேட்டதையும் எழுதிக் கொடுப்பதுதான் தன் வேலை என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தகப்பனே எதிராகப் பேசியிருப்பதால் பெற்றோர் சம்மதத்தைப் புதிதாக எடுக்க வேண்டும், இருவரில் ஒருவர் போட்டால் போதும் என்றார்.

தர்ஷிகா அந்தத் தாளை வாங்கி, நேரே அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். பேனா மூடியைக் கழற்றிப் பிடித்தாள்.

"அப்பா, ஒங்களுக்கு விருப்பம் இல்லன்னா இப்பயே சொல்லிருங்க. நான் கோவிக்க மாட்டேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமணன் மகளின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"விருப்பம் இல்ல பிள்ள," என்றார். "எனக்குப் பயமா இருக்கு. ஒன்ன அங்க அனுப்ப எனக்கு மனசு வரல்ல."

"சரிப்பா," என்றாள் தர்ஷிகா. அவள் கோவிக்கவில்லை. தாளை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள். ஜெயராணி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்து முடித்து, கையெழுத்துப் போட்டாள்.

விருப்பம் இல்லை என்று சொல்லி முடிக்க இரண்டு செக்கன்கூட எடுக்கவில்லை. இந்த இரண்டு செக்கனுக்கு அஞ்சித்தான் பெற்ற பிள்ளையின் பேரைக் கடையில் வைத்துக் கெடுத்தோம், ஒரு மனுசனைத் தெருவெல்லாம் தூற்ற விட்டோம் என்று நினைத்தபோது, எதிரே இருந்த ஃபாஸிலை ஏறிட்டுப் பார்க்க லெட்சுமணனால் முடியவில்லை. ஃபாஸில் ஆறிப்போன தேத்தண்ணியை மீதம் வைக்காமல் குடித்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்தார்.